காற்றுச் சத்தத்தை எடுத்த பிறகு

என் கணவர் புது லேப்டாப் வேண்டும் என்றதுமே எனக்குப் பொறி தட்டியது.

நான் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வழுக்கி விழுந்தேன் என்று எழுதிப் பணம் கேட்பவர்களை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். குளியலறையில் விழுந்ததாகச் சொன்னவரின் சட்டையில் தார் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தவள் நான். அப்படிப்பட்டவளிடமே இவர் கதை விடுகிறார்.

மலைச்சரிவில் சைக்கிள் விட்டுத் தோள் எலும்பை உடைத்துக்கொண்டவர் இவர். உள்ளே தகடு இருக்கிறது. இன்னொரு முறை விழுந்தால் அந்தக் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி சைக்கிளைத் தொடமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். இப்போது தன் சைக்கிள் குழுவில் மற்றவர்கள் ஓட்டுவதை வீடியோவாக எடிட் செய்து தருகிறாராம். பழைய கணினி திணறுகிறதாம். கரையில் நின்று வேடிக்கை பார்க்கிற ஆளா இவர்? மறுபடி ஓட்டுகிறார் என்று எனக்குச் சந்தேகம். அந்தக் கை போய்விடுமே என்ற பயத்தில் தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

கடைக்குக் கிளம்பும்போது மகள், "நானும் வரேம்மா" என்று ஒற்றைக்காலில் நின்றாள். பள்ளியில் பட்ட முழங்கால் காயமே இன்னும் ஆறவில்லை, பேசாமல் வீட்டில் இரு என்று அதட்டிவிட்டு வந்தேன்.

கடைக்காரத் தம்பி எடுத்த எடுப்பிலேயே, விசைகளெல்லாம் சிவப்பாக எரிகிற ஒன்றைத் தூக்கி வைத்தார்.

"இது வீடியோ எடிட் பண்ணவா, விளக்கு போடவா?" என்றேன்.

தம்பி சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தார். வேகமான காட்சியை மெதுவாக ஓட்டினால் படம் விக்காமல் இருக்க நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், மெமரி தாராளமாக இருக்க வேண்டும் என்றார். சாஃப்ட்வேரில் இரண்டு வகையாம். ஒன்றுக்கு மாதாமாதம் கட்ட வேண்டும், இன்னொன்றை ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம். மாதாமாதம் என்ற சொல்லைக் கேட்டதுமே நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

"உங்க வீடியோ ஏதாவது இருந்தா போட்டுப் பாத்துடலாம் சார்."

"கடையில இருக்கிறதே போதும்" என்றார் இவர், அவசர அவசரமாக.

இவர் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. சும்மா இருப்பேனா? விரலை விட்டு மெமரி கார்டை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன்.

"இதைப் போடுங்க தம்பி."

"அது குழுவில ஒரு பையன் எடுத்தது" என்றார் இவர். நெற்றியில் வியர்வை. கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஹெல்மெட்டில் மாட்டிய கேமரா எடுத்த படம். ஓட்டுகிறவர் முகம் தெரியாது. செம்மண் பாதையும் கைப்பிடியைப் பிடித்த இரண்டு கைகளும்தான். படம் குலுங்கியதில் எனக்குக் குமட்டியது. தம்பி எதையோ தட்டினார், குலுக்கல் நின்றது. மெதுவாக ஓட்டினார். மண்மேட்டில் ஏறி அந்தரத்தில் மிதந்தபோது கையுறை தெளிவாகத் தெரிந்தது. இவருக்கு நான் வாங்கிக் கொடுத்த அதே கையுறை. கட்டைவிரலில் நான் போட்ட தையல்கூட அப்படியே இருந்தது.

சத்தியமாவது, மண்ணாவது!

"சத்தம் வைங்க தம்பி."

"அது எதுக்கு? நான் பாட்டுதான் போடுவேன்" என்றார் இவர்.

"வைங்க."

ஹோவென்று காற்று இரைந்தது.

"இந்த சாஃப்ட்வேர்ல காத்து சத்தத்தைத் தனியா எடுத்துடலாம்க்கா" என்று தம்பி உற்சாகமாக ஒரு பொத்தானை அழுத்தினார்.

இவர் மூச்சிரைப்பு கேட்கும் என்று காத்திருந்தேன். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு அது தெரியாதா? அது இவர் மூச்சு இல்லை. குட்டிக் குட்டி மூச்சு. சக்கரம் தரையைத் தொட்டதும் ஒரு சிரிப்பு. அப்புறம் ஒரு குரல்.

"அப்பா! பாத்தியாப்பா?"

தூரத்திலிருந்து இவர் குரல்: "பாத்தேன்டா கண்ணு! முழங்கால் பத்திரம்!"

"எவ்வளவு சுத்தமா கேக்குது பாத்தீங்களாக்கா?" என்றார் தம்பி.

"கேக்குது தம்பி."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அவளேதான் கத்துக்குடுன்னு கேட்டா. நான் ஓட்டல. சத்தியமா ஓட்டல" என்றார். அது உண்மைதான். இவர் கை போகாது. நான் பயந்ததெல்லாம் அந்தக் கைக்காக மட்டும்தான்.

போன மாதம் அந்த முழங்காலைக் கழுவி மருந்து போட்டவள் நான். காயத்திலிருந்து செம்மண்ணைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுத்தவளும் நான்தான். பள்ளி மாடிப்படியில் செம்மண் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வழுக்கி விழுந்துட்டேம்மா என்றாள். நம்பிவிட்டேன்.