கொச்சிக்குப் போன ஞாயிறு

மரியபுஷ்பம் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், கட்டிங் டேபிளுக்கு மேலே ஒரு காலண்டர் தொங்கியது. சாயப் பவுடர் விற்கும் கொச்சி ஏஜென்ட் கொடுத்தது. இரண்டு கோபுரங்களோடு வெள்ளையாய் ஒரு பேராலயம், அதற்குக் கீழே கடலோரத்தில் பெரிய பெரிய மீன்வலைகள். 2006 முடிந்த பிறகும் அதை யாரும் கழற்றவில்லை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தால் அவள் கண்ணுக்கு நேரே அதுதான்.

ஒருநாள் டீ நேரத்தில், "அங்க ஒருக்கா போயிட்டு வந்தா என்ன?" என்று கேட்டாள்.

பக்கத்து மெஷின் சித்ராதேவி, "என்னைக்குப் போறோம்?" என்றாள். அவள் உசிலம்பட்டிக்காரி. எதையும் இரண்டு தரம் யோசிக்க மாட்டாள்.

வீட்டில் புஷ்பத்தின் கணவன் சூசை, "நேர்ச்சையா?" என்று கேட்டான்.

"நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாக்கணும்."

"பொம்பளைங்க தனியாவா?"

"தனியா எங்க? பதினோரு பேரு போறோம்."

செக்கிங் பிரிவிலிருந்து வந்தவள் வள்ளியாத்தாள். சேவூரில் கிணறு வற்றியதும் காட்டை விட்டுவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் கம்பெனிக்கு வந்தவள். கடலைப் பார்த்ததே இல்லை. எந்தக் கோயிலுக்கு என்று மகன் கேட்டபோது, "கோயிலுக்கில்ல சாமி, கடலுக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முதலாளியின் மகன் தரணீதரன்தான் கம்பெனியைப் பார்த்துக்கொண்டான். முந்தின வாரமே அவனிடம் சொன்னார்கள். "ஞாயித்துக்கெழமதானுங்களே, போயிட்டு வாங்க" என்று சிரித்தான்.

கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனையே வாடகைக்குப் பேசி, விடியுமுன் கிளம்பினார்கள். பாலக்காடு தாண்டியபோது வெளுத்தது. கோட்டைக் கொச்சி போய் இறங்கியபோது காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே போனதும் எல்லோருக்கும் கழுத்து தானாக அண்ணாந்தது. கூரை முழுக்கச் சித்திரம். சுவரைத் தொட்டுப் பார்த்த சித்ராதேவி, "இத வரைஞ்சவன் எப்பிடித்தான் மல்லாந்தே கெடந்தானோ!" என்றாள்.

புஷ்பத்தின் ஊர் விளாத்திகுளம் பக்கம். அங்கே மாதா கோயிலில் அவள் தெரு ஆட்களுக்கு இடதுபுறம், பின்னால்தான் இடம். எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனாலும் அவள் அப்பா சாகும்வரை அந்த இடத்தை விட்டு ஓரடி முன்னால் வந்ததில்லை. இங்கே அவள் நடுவழியாகவே நடந்தாள். பாதியில் கால் ஒரு கணம் இடதுபக்கம் இழுத்தது. விடாமல் நேராகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வள்ளியாத்தாள் பின்னாலேயே வந்து தயங்கி நின்றாள். "ஏங்கண்ணு, நாம இங்க உக்காரலாமா?"

"உக்காருங்கக்கா. யாரு கேக்கான்னு பாத்துருவோம்."

யாரும் கேட்கவில்லை. விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் மட்டும் அவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். புஷ்பம் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. முதுகை நன்றாகச் சாய்த்து, வேண்டுமட்டும் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தபோது சித்ராதேவியின் செல் அடித்தது. தரணீதரன்.

"ஏனுங்க, சரக்கு வாங்கற பையர் இன்ஸ்பெக்‌ஷன நாளைக்குக் காலையிலயே மாத்திட்டாருங்க. வண்டியத் திருப்பி ஒடனே வந்துருங்க. டபுள் சம்பளம் போட்டுக்கலாம்."

சித்ராதேவி போனைப் புஷ்பத்திடம் நீட்டினாள்.

"சார், இன்னைக்கு லீவு. உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே வந்தோம். நேத்து ராத்திரி வரைக்கும் தச்சுக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கோம்."

"ஷிப்மென்ட்டுக்கு ஞாயித்துக்கெழமை தெரியுமுங்களா?"

"அதுக்குத் தெரியாது சார். எங்களுக்குத் தெரியும்."

அதே மரியாதையோடு அவன் சொன்னான்: "இன்னைக்கு வராதவங்க நாளைக்கும் வர வேண்டாமுங்க."

"நாளைக்குள்ளத நாளைக்குப் பேசுவோம் சார்" என்று போனை அணைத்தாள். செல்லைச் சித்ராதேவியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

டிரைவர் நல்லான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "எனக்கும் போன் வந்துருச்சுங்க. என்ற வண்டி அங்கதான் ஓடுது. நான் திரும்பித்தான் ஆவணும். ஏறுனா ஏறிக்குங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் மூக்கம்மாள் ஏறினாள். அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். கண் கலங்கி ஜன்னலருகே உட்கார்ந்தவளிடம் புஷ்பம் போய், "உன்னய யாரு குத்தம் சொன்னா? பத்திரமாப் போ" என்றாள். இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். வள்ளியாத்தாளும் ஏறினாள்.

சித்ராதேவிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் வள்ளியாத்தாள், போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, வேனில் கொண்டுவந்திருந்த புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"வண்டி போனாப் போகுது. சோத்த எதுக்கு உடோணும்? நடங்க."

வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் ஜங்காரில் ஏழு பேரும் ஏறினார்கள். காலண்டரில் பார்த்த வலைகள் கரையோரம் தண்ணீர் சொட்டச் சொட்ட எழும்பி நின்றன. அக்கரையில் செராய் கடற்கரைக்கு பஸ் பிடித்தார்கள்.

அங்கே அலையடிக்கும் கடல் தெரிந்ததும் வள்ளியாத்தாள் எல்லோரையும் முந்திக்கொண்டு போனாள். பாத்திரத்தை மணலில் வைத்தாள். கொசுவத்தை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். அலை வந்து இடித்ததும், "அட, தள்ளுதுங்கறேன்!" என்று கத்திச் சிரித்தாள். அவளை அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மறுபடி செல் அடித்தது. பேரைப் பார்த்த சித்ராதேவி அணைக்கப் போனாள். வள்ளியாத்தாள் ஈரக்கையால் அதை வாங்கிக்கொண்டாள்.

"கண்ணு, நான் வள்ளியாத்தா. கடலுக்குள்ள நிக்கறேன். சத்தம் கேக்குதா?" போனை அலைப்பக்கமாக நீட்டிப் பிடித்தாள். "கேட்டுச்சா? அப்பறம் பேசறேன் கண்ணு."

சாயங்காலம் முனம்பத்தில் மீன்பிடிப் படகுகள் திரும்புவதைப் பார்த்தார்கள். கடையொன்றில் பொரித்த மீன் வாங்கி, மிச்சமிருந்த புளிச்சோற்றோடு சாப்பிட்டார்கள். ஆலுவா போய் ரயிலில் நின்றுகொண்டே ஊர் திரும்பினார்கள்.

திங்கள் காலை கேட் திறக்கவில்லை. தரணீதரனே வெளியே வந்தான். தூங்காத கண்கள்.

"எல்லாரையும் அனுப்ப எனக்கும் மனசில்லைங்க. புஷ்பம் மட்டும் ஒரு மன்னிப்புக் கேட்டுட்டாப் போதும். எல்லாரும் உள்ள போயிக்கலாம்."

அறுவரும் அவளைப் பார்த்தார்கள். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், எல்லாம் புஷ்பத்துக்கு நினைவுக்கு வந்தன. ஒரு வார்த்தைதானே என்றும் தோன்றியது.

"எதுக்கு சார் மன்னிப்பு? லீவு நாள்ல கடல் பாத்ததுக்கா?"

அவன் கேட்டை விட்டு நகரவில்லை.

"வாங்கக்கா" என்று சித்ராதேவி முதலில் திரும்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள்.

பெருமாநல்லூர் ரோட்டில் கம்பெனிக்குக் கம்பெனி 'டெய்லர் தேவை' என்று போர்டு தொங்கியது. ஆனால் முதல் இடத்தில், "டெய்லருங்க மட்டும் வாங்க. செக்கிங்குக்கு வயசாளி வேண்டாம்" என்றார்கள். அடுத்த இடத்திலும் அதே பேச்சு.

"நீங்க சேந்துக்குங்க கண்ணு. நான் சேவூருக்கே போயிக்கறேன்" என்றாள் வள்ளியாத்தாள்.

"சும்மா வாங்க" என்று புஷ்பம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது இன்னொரு கம்பெனியின் படியேறினார்கள். பாதி மெஷின்கள் ஆளில்லாமல் கிடந்தன. வெட்டிய பீஸ்கள் தரையில் மலையாய்க் குவிந்திருந்தன. சூப்பர்வைசர் ஏழு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய கம்பெனில வேலைய விட்டு ஏனுங்க நின்னீங்க?"

"ஞாயித்துக்கெழம கூப்புட்டாங்க. போகல" என்றாள் புஷ்பம். "இங்கயும் வரமாட்டோம் சார். இப்பவே சொல்லிருதேன். இந்த அக்காவும் எங்ககூடத்தான்."

அவர் குவியலைப் பார்த்தார். வள்ளியாத்தாளைப் பார்த்தார். மறுபடி குவியலைப் பார்த்தார்.

"டிபன் பாக்ஸையெல்லாம் அந்த மூலைல வெச்சுட்டு உக்காருங்க" என்றார்.