பூனைக்கு ஏழாவது வீடு

சுப்பராயலு காம்பவுண்டின் கேட்டில் ஒரு தகரப் போர்டு தொங்கியது. ‘இங்கு ஆடு, கோழி, நாய், பூனை முதலிய எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது.’ மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டை ஒட்டிய அந்த ஆறு வீட்டு வரிசைக்கு வீட்டுக்காரர் தாமாக யோசித்து எழுதிய சட்டம் அல்ல அது. மூன்றாம் நம்பர் வீட்டு மெட்டில்டா நாலு தடவை நடையாய் நடந்து எழுத வைத்தது.

எல்லாம் கோழியால் வந்தது. பக்கத்து வீட்டுக் குல்ஷனின் நான்கு கோழிகள், மெட்டில்டா பார்த்துப் பார்த்து வளர்த்த டிசம்பர் பூச்செடிகளை ஒரே மத்தியானத்தில் கிளறித் தள்ளிவிட்டன. போர்டு ஏறியது. குல்ஷனின் புருஷன் ஹிதாயத்துல்லா கோழிகளைக் கூடையில் போட்டு, சைக்கிளில் கட்டி, கேளம்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். நடுவில் ஒற்றைச் சுவர்தான் என்றாலும் அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அது ஆகி ஒரு வருஷம்.

மெட்டில்டாவுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. எலெக்ட்ரிக் ட்ரெயினில் பட்டணம் போய் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் உத்தியோகம். ஆண்டவன் அவளுக்கு நல்ல குரலைக் கொடுத்து, அதை வைத்துக்கொண்டு ஊரை அதட்டும் சுபாவத்தையும் கூடவே கொடுத்திருந்தார்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. டூட்டி முடிந்து வந்தவள், கட்டிலுக்கு அடியில் குடில் பெட்டியின் மூடி நகர்ந்து கிடப்பதைப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ்தான் அந்தப் பெட்டியைத் திறப்பாள். மற்ற நாளெல்லாம் சூசையப்பர், மாதா, இடையர்கள், மூன்று ராஜாக்கள் எல்லோரும் வைக்கோலுக்குள் நிம்மதியாகப் படுத்திருப்பார்கள். இப்போது சூசையப்பரை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு சாம்பல் பூனை படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள்.

“வெளியே போ” என்று அதட்டினாள். பூனை அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் துரத்திவிடுவது என்று முடிவு செய்தாள். சாயங்காலம் ஒரு ஆழாக்குப் பால் அதிகமாக வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ராஜாக்கள் ஞாபகமாகக் குட்டிகளுக்குக் கஸ்பார், மெல்கியோர் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கஸ்பார் அவள் புடவையைப் பற்றி ஏறி மடியில் தூங்கிப்போனது. அது முழித்துக்கொள்ளுமே என்று, பொழுது சாய்ந்த பிறகும் எழுந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

சந்தோஷத்தைக் கெடுத்தவள் பாத்திரம் தேய்க்க வரும் கிளியம்மாள்.

“இன்னாமா, ரெண்டுதான் கீது? மூணு குட்டியாச்சே!” என்றாள் திங்கட்கிழமை காலையில். “அந்தக் கடுவன் பூனை வாயில போட்டுகினு பூட்டிருக்கும். வூடு மாறச்சொல்லோதான் அது வந்து மடக்கும்.”

“இனிமே எதுக்கு மாறணும்? இங்கேதான் இருக்கப் போகுது.”

“அது எப்டிம்மா இருக்கும்? குட்டி போட்ட பூனை ஏழு வூடு மாத்தும். ஏழாவதுலதான் தங்கும்.” கிளியம்மாள் சாம்பல் கையாலேயே விரல் விட்டு எண்ணினாள். “மொதல்ல என் குடிசை. அப்பால பூட்டிக் கெடக்குற கோடி வூடு. ரயில் கார்டு ஏசுதாசன் வூடு, வேதசிரோமணி வாத்தியார் வூடு, எலியேசர் வூடு. உன்னுது ஆறாவது. நாளைக்கோ நாளன்னிக்கோ கெளம்பிடும்.”

“எங்கே போகும்?”

“பக்கத்துல குல்ஷன் வூடு கீதே.”

மெட்டில்டா படித்தவள். இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. ஆனாலும் அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில், லைன் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தில், வெளியூர் ஆபரேட்டர்களிடம் பேச்சுவாக்கில் கேட்டுவைத்தாள். வேலூர் ஏழு என்றது. திருச்சியும் ஏழு என்றது. விழுப்புரம் மட்டும், “எங்க ஊர்ப் பூனைக்கு மூணே ஜாஸ்தி” என்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

வரும் வழியில் மார்க்கெட்டில் இரண்டு கஜம் கம்பிவலை வாங்கினாள். கடைக்காரர், “கோழிக்காம்மா?” என்று கேட்டார். வலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, ஜன்னலில் வைத்துத் தானே ஆணி அடித்தாள். முற்றத்துத் தண்ணீர் போகும் ஓட்டையில் செங்கல்லை வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால், தாய்ப்பூனை மெல்கியோரைக் கழுத்தில் கவ்விக்கொண்டு கதவோரம் நின்றிருந்தது. ஓட்டின்மேல் கடுவனின் உறுமல் கேட்டது. எத்தனை நாளைக்குக் கதவைச் சாத்தியே வைப்பது? ஒரு நாள் திறந்தால் அது போகத்தான் போகிறது. போகிற வழியில் இன்னொன்று போய்விடும்.

ட்ரங்க் கால் எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்று குறித்துக் குறித்துப் பழகிய புத்தி அவளுடையது. கிளியம்மாளின் கணக்கையும் அப்படியே ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். எலியேசர் வீட்டில் போய் விசாரித்தாள். பூனை போன வாரம் திங்கட்கிழமையே கிளம்பிவிட்டது என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்ததோ சனிக்கிழமை. நடுவில் அந்த ஐந்து நாள் அது எங்கே இருந்தது?

மிச்சம் இருந்தது ஒரே வீடு. ரோஷத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த குல்ஷன் முந்தானையை அவசரமாகத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். “தையல் மெஷின் சத்தம் ரொம்பக் கேக்குதாக்கா? நிறுத்திடறேன்.”

“அதுக்கு வரலை. போன வாரம் இங்கே பூனை இருந்துச்சா?”

“பூனையா? இல்லவே இல்லக்கா. போர்டு போட்டதுலேர்ந்து நாங்க எதுவுமே வளக்கறதில்ல.”

“ஐயோ, இருந்துச்சுன்னு சொல்லேன் குல்ஷன்!” மெட்டில்டாவின் அதட்டல் குரல் கெஞ்சியது. “இங்கே இருந்திருந்தாத்தான் என் வீடு ஏழாவது. இல்லேன்னா அது கிளம்பிடும். கடுவன் ஓட்டு மேலேயே உக்காந்திருக்கு.”

குல்ஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பதா பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு வழிவிட்டு உள்ளே கூப்பிட்டு, தையல் மெஷினுக்கு அடியில் இருந்த வெட்டுத்துணி மூட்டையைக் காட்டினாள்.

“இங்கதான்க்கா இருந்துச்சு. மூணு குட்டியும் ஓயாம கத்திக்கினே கிடந்துச்சுங்க. உங்களுக்குக் கேட்டுடுமோன்னு மெஷினை ஓட்டிக்கினே இருந்தேன்.”

“அந்த வாரம் பூரா ஓடிச்சே?”

“தைக்கத் துணியே இல்லக்கா. நூல் கூடக் கோக்கல. சும்மாவே மிதிச்சேன். கால் ரெண்டும் வீங்கிப்போச்சு.”

மெட்டில்டாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. ராத்திரி டூட்டி முடிந்து வந்தவளை மத்தியானம் கண்ணயர விடாத அந்தச் சத்தம் பொறுக்காமல், குடைப்பிடியால் சுவரில் ஓங்கி ஓங்கி இடித்தது அவள்தான்.

“நான் இடிச்சேனே, அப்போ?”

குல்ஷன் தரையைப் பார்த்தாள். “நான் பயந்துபோய் நிறுத்திட்டேன். அதுவும் பயந்துடுச்சு. மறுநாள் காலைல ஒண்ணொண்ணாக் கவ்விக்கினு உங்க வூட்டுக்குப் போச்சு. ரெண்டைக் கொண்டுபோய் விட்டுட்டு, மூணாவதுக்குத் திரும்பி வர்றதுக்குள்ள…”

மெட்டில்டா கடுவனை எத்தனை திட்டு திட்டியிருப்பாள்! அந்தக் குட்டி போனதில் தனக்கும் பங்கு இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு சின்ன உயிரை ஒளித்து வைக்க, வெறும் மெஷினை ஐந்து நாள் மிதிக்கும் அளவுக்கு ஒருத்தி தன்னிடம் பயந்திருக்கிறாள் என்பது அதைவிட வலித்தது.

“என்னை மன்னிச்சுடு குல்ஷன்” என்றாள்.

“விடுங்கக்கா. கணக்குப்படி உங்க வூடுதான் ஏழாவது. இனிமே எங்கியும் போவாது” என்று சொல்லிவிட்டு குல்ஷன் டீ போடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் சுப்பராயலு தேங்காய் பறிக்க ஆளோடு வந்தார். மெட்டில்டா கேட்டிலேயே மறித்தாள்.

“சார், இந்தப் போர்டைக் கழட்டணும்.”

“நாலு தடவை வந்து நின்னு நீங்கதானேம்மா எழுதச் சொன்னீங்க?”

“தப்புதான் சார். என் வீட்டுல பூனை இருக்கு.”

“பூனைக்கு மட்டும்னா ஆகாதும்மா. எல்லாருக்கும் ஒரே சட்டம். கோழியும் வந்துடும்.”

“வரட்டும் சார்.”

“உங்க செடியைக் கிளறுமே?”

“கிளறட்டும்.”

சுப்பராயலு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மரமேறியைக் கூப்பிட்டு, முதலில் போர்டுக் கம்பியை அறுக்கச் சொன்னார்.

பூனை அப்புறம் வீடு மாறவில்லை. ஏழாவது வீடு என்பதாலா, கம்பிவலையாலா என்று மெட்டில்டா ஆராயப் போகவில்லை. நவம்பரில் ஹிதாயத்துல்லாவின் சைக்கிளில் கோழிகள் கேளம்பாக்கத்திலிருந்து திரும்பி வந்தன. டிசம்பர் பூச்செடிகள் இந்த முறை மூன்று நாள் தாக்குப்பிடித்தன.

கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கும்போது வைக்கோல் இல்லை. பூனை பெட்டியை விட்டுக் கொடுக்கவில்லை. குல்ஷனின் வெட்டுத்துணியைப் பரப்பித்தான் குழந்தை ஏசுவைக் கிடத்தினாள். கஸ்பாரும் மெல்கியோரும் அந்தத் துணியை இழுத்து இழுத்து விளையாடின. மூன்றாவது ராஜா பல்தசாரை எடுத்துத் துடைத்து, மற்ற இரண்டு ராஜாக்களுக்கும் முன்னால், குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது குட்டியும் வந்து சேர்ந்திருந்தால் அதற்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பண்டிகைத் துணிகள், நிஜமான தையல். மெட்டில்டா இரண்டு டம்ளரில் டீயை ஊற்றிவிட்டு, குடைப்பிடியால் சுவரை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள். மெஷின் நின்றது.

“வந்துட்டேன்க்கா” என்றாள் குல்ஷன்.