காற்று ஸ்ரீபெரும்புதூரில் நிற்காது

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேருந்து ஜன்னல் வழியே, பெரிய காஞ்சிபுரத்து மொட்டைமாடி ஒன்றில் ஒரு பெண் இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். குழாயின் உச்சியில் பெரிய மீன்முள் மாதிரி ஒரு ஆண்டெனா. ஊரே கைபேசியில் படம் பார்க்கும் காலத்தில் இது என்ன கூத்து என்று சிரித்தேன். கேலிக்கதை ஒன்று அகப்பட்டது என்று நோட்டைத் திறந்தேன்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் கற்பனை, பெயர் உட்பட. பெயர் ஏஞ்சல். வானத்தைப் பார்த்து நிற்பவளுக்கு அந்தப் பெயர் அமைந்தது தற்செயல். (தற்செயல் இல்லை. அரைமணி நேரம் யோசித்தேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "வானம் வெள்ளித் தட்டாக மின்னிய ஒரு காலையில்—" வேண்டாம். தட்டு என்றதும் ஆட்கள் டிஷ்ஷை நினைப்பார்கள்.

இரண்டாம் முயற்சி: "ஏஞ்சலுக்குப் பைத்தியம் என்று தெருவில் எல்லோரும்—" இது என் கருத்து. தெருவின் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

சண்டையிலேயே தொடங்குவோம்.

ஏஞ்சலுக்கு முப்பத்தாறு வயது. ஊருக்கு வெளியே, கல்லூரிகள் இருக்கும் ஏனாத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கணவன் சத்யராஜ் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு திங்கட்கிழமை டிவியில் படம் நின்றுபோக, கேபிள்காரன் விக்ரம் வந்தான். ஜன்னல் பக்கம் இணைப்பு கழன்றிருக்கிறது என்று ஏஞ்சல் சொன்னாள். விக்ரம் அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அண்ணன் இல்லியா?"

"ஏன், எங்கிட்ட சொல்லேன்."

"ஒயர் மேட்டரு அக்கா. ஒங்களுக்குப் புரியாது."

இணைப்பு கழன்றுதான் இருந்தது, அவள் சொன்ன அதே இடத்தில். விக்ரம் அதைப் பேசாமல் மாட்டிவிட்டுப் படியிறங்கினான். அந்தப் பேசாமைதான் அவளைச் சுட்டது.

"விக்ரமு, மாட்டின ஒயரைக் கழட்டிக்கினு போ," என்றாள் தெருவே கேட்க. "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு எங்க வீட்டு டிவில படம் ஓடும். காத்துல இருந்து."

"காத்துல இருந்தா?"

"ஆமா. ஓடலன்னா இதே வாசல்ல நின்னு, 'எனக்குப் புரியாதுப்பா'ன்னு நானே சொல்றேன்."

"பத்து மணிக்கு ஆளுங்களோட வரேன்க்கா," என்றான் விக்ரம். சந்தோஷமாகத்தான் போனான்.

[காற்றில் படம் வருவது ஜெராக்ஸ் கடைக்காரிக்கு எப்படித் தெரியும்? டிவியோடு வந்த கையேட்டை அவள் படித்திருந்தாள். தாலுகாவிலேயே அதைப் படித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கேபிளும் தட்டும் இல்லாமல், ஒரு ஆண்டெனாவைக் கொண்டே டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கலாம், பிடிக்கும் பாகம் டிவிக்குள்ளேயே இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. சென்னையிலிருந்து அப்படியொரு ஒளிபரப்பு வருவதை ஃபோனில் தேடித் தெரிந்துகொண்டாள். "அந்த ஃபோன்லயே படம் பார்க்கலாமே" என்பவர்களுக்கு: பார்க்கலாம். விக்ரமிடம் அதைச் சொல்ல முடியாது.]

3

சத்யராஜ் சென்னைக்குப் போய் ஆண்டெனா வாங்கி, அதை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தான். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். மாடியில் குழாய் நட்டாயிற்று.

"மெட்ராஸ் பக்கம் திருப்புய்யா," என்றாள் ஏஞ்சல்.

சத்யராஜ் யோசிக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் திருப்பினான். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சைதுனும், "அதான், அந்தப் பக்கந்தான்," என்று பஸ் ஸ்டாண்டையே காட்டினாள். காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் சென்னை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தேன். இரண்டு பக்கம் வீண்.

மூன்று நாள் அந்த ஆண்டெனா பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல நின்றது. டிவியில் 'சிக்னல் இல்லை.' வியாழக்கிழமை மாணவன் ஒருவன் நகலெடுக்கக் கொடுத்த வரைபடத்தில் ஏஞ்சல் அடிக்கோல் வைத்துப் பார்த்தாள். கோடு கிழக்கே போய்க் கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. பஸ் ஸ்டாண்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"யோவ், பஸ்சுதான் சுத்திக்கினு போவுது," என்றாள் சத்யராஜிடம். "காத்து நேரா வரும். ஸ்ரீபெரும்புதூர்ல டீ குடிக்க நிக்காது."

(இந்த இடத்தில் அவளை வழுக்கி விழவைப்பதாக இருந்தேன். கேலிக்கதைக்கு ஒரு விழுதல் நல்லது. "ஈரத் தரையில் அவள் கால்—" என்று எழுதியும் பார்த்தேன். அவள் தரையைத் துடைத்துவிட்டுத்தான் ஏறியிருந்தாள்.)

4

புதுத் திசையில், சரியாக நட்டநடுவில், ராஜகோபுரம். (இது குறியீடு இல்லை. இடைஞ்சல்.)

"கோபுரத்த நகத்த முடியுமாடி?" என்றாள் சைதுன்.

"அத யாருக்கா நகத்தச் சொன்னா? கம்பத்த நகத்துவோம்."

நட்ட குழாயைப் பிடுங்கி, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், மாடியின் மறுகோடியில் நட்டாள். கோபுரம் ஓரமாக ஒதுங்கி வழி விட்டது. சனிக்கிழமை முழுக்கத் திருப்பினாள். மாடியில் ஏஞ்சல், படிக்கட்டில் சைதுன், டிவி முன்னால் சத்யராஜ்.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சாப்பா?"

"வர்ல."

"வர்லயாம்."

"வந்துடுச்சு! ஐயோ, போச்சு!"

"வந்துட்டுப் பூடுச்சாம்டி!"

பழைய டிவி என்றால் பொரி பறந்துகொண்டாவது ஏதோ தெரியும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் திருப்பலாம். டிஜிட்டலில் அந்தப் பேச்சே கிடையாது. வந்தால் கண்ணாடி மாதிரிப் படம், இல்லாவிட்டால் வெறும் கறுப்பு. [கதையை மங்கலாக முடிப்பது எனக்குக் கைவந்த கலை. எனக்கிருந்த ஒரே திறமை.]

அன்று சாயங்காலம் அவள் மாடிச்சுவரில் உட்கார்ந்து யோசித்தாள். ஜெராக்ஸ் மெஷின் வேலையை முடிப்பதற்குள் தாளை இழுக்கும் பையன்களை அவள் தினமும் திட்டுகிறாள். இங்கே தாளை இழுப்பது யார்? டிவி சிக்னலைப் பிடித்துப் படமாக்கச் சில நொடி எடுக்கிறது. அது நடந்து, சத்யராஜ் கத்தி, சைதுன் கத்தி, சேதி மாடிக்கு ஏறுவதற்குள் அவள் சரியான இடத்தைத் தாண்டித் திருப்பிவிடுகிறாள்.

சாக்பீஸ் எடுத்தாள். குழாயைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒன்றாகப் பதினோரு கோடுகள் போட்டாள்.

"ஒரு கோடு திருப்பி, பத்து எண்ணுவேன்," என்று அறிவித்தாள். "பத்து முடியுற வரைக்கும் யாரும் கத்தக் கூடாது. கம்பத்தத் தொடக் கூடாது."

இதை எழுதியபோதுதான் நான் சிரிப்பதை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது என்று கவனித்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை. தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நூலை நீட்டியிருந்ததால் விக்ரம் பைக்கை முனையிலேயே விட்டுவிட்டு, ஐந்து பேரோடு நடந்து வந்தான். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. எட்டுக் கோடுகள் முடிந்திருந்தன. எட்டும் கறுப்பு. அதோடு காற்று வேறு எழும்பி, எண்ணும்போதெல்லாம் குழாய் ஆடியது. ஏஞ்சல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

விக்ரம் மாடியேறினான். நக்கலாக ஏதோ சொல்லத்தான் வந்தான். குழாயைப் பார்த்தான். பிடுங்கிய பழைய குழியைப் பார்த்தான். கோபுரத்தைப் பார்த்தான்.

"இந்தக் கோடெல்லாம் இன்னாக்கா?"

சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான். அப்புறம் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தான்.

"ஆடாம நான் புடிச்சிக்கினு இருக்கேன். நீங்க எண்ணுங்க."

கீழேயிருந்து அவன் ஆள் ஒருவன் கத்தினான்: "டேய் விக்ரமு, படம் வருமா வராதா?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றான் விக்ரம். "அக்காவக் கேளு."

6

முடிவுகள்.

அ) படம் வரவில்லை. அவள் வாசலில் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் வாயில் அது உட்காரவில்லை.

ஆ) படம் வருகிறது. தெருவே கைதட்டுகிறது. கைதட்டலுக்காகவா கம்பத்தைப் பிடுங்கி நட்டாள்? கிழித்துவிட்டேன்.

இ) மங்கல். டிஜிட்டலில் அந்த வசதி இல்லை; காரணம் மேலே.

ஆகவே ஒன்பதாவது கோடு. ஏஞ்சல் குழாயைத் திருப்பிவிட்டுக் கையை எடுக்கிறாள். விக்ரம் பிடித்திருக்கிறான். படிக்கட்டில் சைதுன் தன் வாயைத் தானே பொத்தியிருக்கிறாள். சத்யராஜ் கறுப்புத் திரைமுன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். தூரத்தில் ஒரு பேருந்து போகிறது. ஜன்னலில் ஒருவன் இன்னும் சிரிக்கிறான். பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது.

ஏஞ்சல் எண்ணுகிறாள். விக்ரமின் உதடும் கூடவே அசைகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

பத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரமில்லை. சொல்லி முடிக்கும்வரை கத்தாதீர்கள். கம்பத்தைத் தொடாதீர்கள்.