பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரு கால்

பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் சாம்சன் ஸ்டுடியோவில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி உண்டு. அது ரோஜாவா செம்பருத்தியா என்று செய்தவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க ஹஸ்னாவை எடுத்த போட்டோவில் அதுதான் முக்கியமான ஆள். அவளுடைய இடது காலுக்கு நேர் முன்னால், போலீஸ்காரன் மாதிரி விறைப்பாக நின்றது.

நடை பழகும் வயதில் வந்த போலியோ அந்தக் காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரியக் கூடாது. அதற்காக ஹஸ்னாவின் உம்மா மெஹர்னிசா செய்துவைத்திருந்த ஏற்பாடுகளைப் பார்த்தால் ராணுவத்தில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்.

பெண் பார்க்க யார் வந்தாலும் ஹஸ்னா தையல் மெஷின் முன்னால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள். ஷர்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு உம்மாவே ஓடுவாள். "என் பொண்ணுக்கு வேலைதான் உசுரு. கூப்புட்டாகூட எந்திரிக்க மாட்டா" என்பாள். அது பொய்யில்லை, எழுந்தால்தானே வம்பு. வெளியே போனால் இடது காலுக்கு மட்டும் தடித்த அடி வைத்துத் தைத்த செருப்பு. ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியைக் கையால் அழுத்தினால்தான் அந்தக் கால் நிற்கும். அந்தக் கை வெளியே தெரியாமல் இருக்க மேலே புர்கா. குனிந்து நடப்பது ஏன் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருந்தது: "வெட்கம்."

இப்படி வெட்கப்பட்டே மீஞ்சூரில் ஒரு சம்பந்தம் முக்கால்வாசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் முஜீப், கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை. அவனுடைய அம்மா உமைரா வந்து ஹஸ்னாவை உட்கார்ந்த நிலையில் பார்த்து, பிடித்துப்போய், மகன் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனாள். தாஜ்மகால் படுதாவுக்கு முன்னால், வலது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றான் முஜீப்.

"கைய எப்பிடி வெச்சிருக்கான் பாரு, ஜம்முனு!" என்று உம்மா அந்த பாக்கெட்டில் மயங்கிப்போனாள்.

"நிக்காஹ் முடிஞ்சப்புறம் கால் தெரியுமே உம்மா?"

"அதுக்கப்புறம் அவங்க பாடு. நம்மள இன்னாத்துக்குக் கேக்கறாங்க?"

ஹஸ்னாவுக்கு மாப்பிள்ளையைவிட மெஷின்தான் கவலை. பகலெல்லாம் ரவிக்கையும் புர்காவும் தைப்பவள். பெடலை மிதிப்பது நல்ல காலான வலது கால் ஒன்றுதான். ரெண்டு காலின் வேலையையும் ஒன்றே செய்ததில் அதுவும் கொஞ்ச நாளாக முட்டி வீங்கிப் படுத்துவிட ஆரம்பித்தது. அதுவும் போய்விட்டால் மறைப்பதற்கு ரெண்டு கால், பிழைப்பதற்கு ஒன்றுமில்லை.

இதை ஒருநாள் ரவிக்கைத் துணி கொடுக்க வந்த கிரேஸிடம் சொல்லிவிட்டாள். கிரேஸ் பஸ் ஸ்டாண்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவள். ரெண்டு அக்குளிலும் கட்டை ஊன்றி நடப்பாள். அவள் வருவதற்கு முன்னால் அவள் குரல் வரும்.

"கவர்மென்ட்ல மோட்டார் வெச்ச மெஷினு குடுக்கறாங்கடி. காலே வாணாம். உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்பிடிக்கா குடுப்பாங்க?"

"முதல்ல கார்டு வாங்கணும். ஊனமுற்றோர் அடையாள அட்டை. டாக்டர் பாத்து எத்தினி பர்சன்டுன்னு எழுதுவாரு. நாப்பதுக்கு மேல இருந்தா கார்டு. அதுக்கப்புறம் மெஷினு, பஸ்ஸு, ரயிலுன்னு ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா எழுதிப் போடலாம். கார்டு இல்லன்னா நீ எவ்ளோ நொண்டினாலும் கவர்மென்ட் கணக்குல நீ ஓட்டப்பந்தய வீராங்கனை."

அடுப்படியிலிருந்து மெஹர்னிசா பாய்ந்து வந்தாள். "ஏம்மா கிரேஸு, என் பொண்ணுக்கு முத்திரை குத்தப் பாக்கறியா? கல்யாணம் பேசற நேரத்துல அட்டையாம் அட்டை. நாங்க பிச்சை வாங்கற குடும்பம் இல்ல."

"போன மாசம் இலவச டி.வி.க்கு டோக்கன் வாங்க க்யூல அடிச்சிக்கினு நின்னது யாரு? உன் தங்கச்சியா?"

"அது எல்லாருக்கும் குடுத்தது."

"இது எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க. அதனால இதுதான் மரியாதை." கட்டையைத் தரையில் ஒரு தட்டு தட்டினாள் கிரேஸ். "பிச்சைன்னு நெனைக்காத. காலுக்கு வாடகைன்னு நெனச்சுக்கோ."

மெஹர்னிசா ரெண்டு நாள் கிரேஸைத் திட்டிக்கொண்டே திரிந்தாள். மூன்றாம் நாள், மகள் வலது முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பெடலை மிதிப்பதைப் பார்த்துவிட்டு, தானாகவே வந்தாள். "பொன்னேரி கேம்புக்கு வர மாட்டேன். தெரிஞ்சவங்க இருப்பாங்க. கும்மிடிப்பூண்டில போட்டா வர்றேன். அங்க நம்மள எவன் பாக்கப்போறான்?"

கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். ரயில் இறங்கிப் போனபோதே மைதானம் நிறைந்திருந்தது. கம்பெனிகளில் விரலையும் கண்ணையும் விட்டுவிட்டு வந்தவர்கள், மூணு சக்கர வண்டிகள், தோளில் தூக்கிவந்த பிள்ளைகள். கண் டாக்டர் ஒரு வகுப்பறை, காது டாக்டர் ஒரு வகுப்பறை, எலும்பு டாக்டர் அஞ்சாம் வகுப்பு பி பிரிவு. வாசலில் ஒருவன் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தான். "திருவிழா மாதிரியே இருக்குல்ல?" என்றாள் கிரேஸ். அவளுக்கு இங்கே வேலை ஒன்றுமில்லை. வேடிக்கை பார்க்க பூத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

மெஹர்னிசா மகளை எப்படிக் கூட்டி வந்திருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். கல் வைத்த புது புர்கா. தடித்த அடி செருப்புக்குப் புது பாலிஷ். கண்ணுக்கு சுர்மா. பழக்கம் என்பது அப்படித்தான். நாலு பேர் பார்க்கப்போகிறார்கள் என்றதும் அவள் கை தானாக மகளை ஜோடித்துவிட்டது.

உள்ளே டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அந்தச் செவுரு வரைக்கும் நடந்துட்டு வாம்மா."

ஹஸ்னா நடந்தாள். இத்தனை வருஷப் பயிற்சி. புர்காவுக்கு அடியில் கை முட்டியை அழுத்தியது, செருப்பு உயரத்தைச் சரிக்கட்டியது, முகத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ராணி மாதிரிப் போய் ராணி மாதிரித் திரும்பினாள்.

"நல்லாத்தானே நடக்கற?"

மெஹர்னிசாவின் முகம் பூரித்துப்போனது. இந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று எத்தனை தர்காவில் நேர்ந்திருக்கிறாள்! "ஆமா டாக்டர், லேசா சுளுக்கு மாதிரிதான். கிட்ட வந்து பாத்தாகூடத் தெரியாது."

வெளியே நீண்ட வரிசை. டாக்டர் முப்பத்தஞ்சு என்று எழுதி நீட்டினார். அடுத்த மேசையிலிருந்த கிளார்க் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நாப்பது இருக்கணும்மா. இதுக்குக் கார்டு வராது."

மைதானத்தில் கிரேஸ் கட்டையை ஓங்கினாள். "கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்து நின்னா கார்டா குடுப்பான், தாம்பூலப் பையிதான் குடுப்பான்! லேசா சுளுக்காம். அடுத்தவன் இல்லாத நோவை இருக்குன்னு சொல்லி இங்க வந்து நிக்கறான். நீங்க இருக்கறத இல்லன்னு சொல்லிட்டு வர்றீங்க. சரியான பேஜாரு குடும்பம். போடி, மறுபடியும் க்யூல போய் நில்லு. உன் காலு எப்பிடியோ அப்பிடி நட. கூட்டவும் வாணாம், கொறைக்கவும் வாணாம்."

ஹஸ்னா வரிசையின் கடைசிக்குப் போனாள். அங்கே தனக்கு முன்னால் நின்றவனைப் பார்த்தாள். முதலில் அடையாளம் தெரிந்தது முகம் இல்லை, பாக்கெட்டுக்குள் இருந்த கை. பக்கத்தில் உமைரா, முகத்திரையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தன்னை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஹர்னிசா மகளின் கையை வெடுக்கென்று பிடித்தாள். "வா, போலாம். மீஞ்சூர்க்காரங்க. இன்னும் நம்மளப் பாக்கல."

"உம்மா, கார்டு."

"கார்டு அடுத்த வருஷமும் குடுப்பான். மாப்பிள்ளை குடுப்பானா?"

ஹஸ்னா நின்ற இடத்திலேயே நின்றாள். உம்மா சொல்வதும் நியாயம்தான். இந்த ஏற்பாடுகளுக்கு முன்னால் வந்த ரெண்டு சம்பந்தம், அவள் எழுந்து நின்ற நிமிஷத்தில் எழுந்து போனது அவளுக்கு மறக்கவில்லை. இப்போது போய்விட்டால் நிக்காஹ் நடக்கும். அப்புறம் மீஞ்சூரிலும் ஒரு மெஷின் முன்னால் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க வேண்டும். வீங்கிய காலால் மிதித்துக்கொண்டே, ஆயுசுக்கும் எழுந்திருக்காமல்.

"உக்காந்து உக்காந்து எனக்குச் சலிச்சுப்போச்சு உம்மா" என்றாள்.

ஹஸ்னாவின் முறை வந்தபோது முஜீப்பும் உமைராவும் இன்னும் உள்ளே மேசை அருகே இருந்தார்கள். ஹஸ்னா வாசலில் செருப்பைக் கழற்றினாள். புர்காவை ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்தாள். இன்னொரு கையை எல்லோரும் பார்க்க முட்டியில் வைத்து அழுத்தி, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து எழும்ப, அந்தக் காலின் சொந்த நடையை நடந்தாள். வெளியில் அப்படி நடந்து ரொம்ப நாளாகியிருந்தது. முதல் ரெண்டு எட்டு அவளுக்கே புதிதாக இருந்தது. அப்புறம் வீட்டில் யாரும் இல்லாதபோது நடப்பது மாதிரி சுளுவாகிவிட்டது.

டாக்டர் நிமிர்ந்தார். "நீ இப்பத்தானே வந்துட்டுப் போன?" பெஞ்சில் உட்காரவைத்து, காலைப் பிடித்து, "தள்ளு பாக்கலாம்" என்றார். தள்ள முடியவில்லை. அளந்து பார்த்தார். "இத ஏம்மா மொதல்லயே காட்டல?"

"மறைச்சே பழக்கம் சார்."

அப்போதுதான் உமைராவுக்கு உறைத்தது. முகத்திரை மேலே போனது. "இது... பொன்னேரிப் பொண்ணுல்ல? அடப்பாவி, மெஷின் முன்னாடியே உக்கார வெச்சி எங்கள ஏமாத்தினியா?"

மெஹர்னிசாவுக்குத் தப்பிக்க வழியில்லை. வழியில்லாதபோது அவள் பாய்வாள். "நான் ஏமாத்தினேன்னா நீ இந்த ரூமுக்கு இன்னாத்துக்கு வந்தே? சுண்டல் வாங்கவா? உன் புள்ள கைய பாக்கெட்லருந்து எடுக்கச் சொல்லு பாக்கலாம்!"

"அவனுக்கு அது ஸ்டைலு!"

"ஸ்டைலுக்கு எத்தினி பர்சன்ட்டு குடுக்கறாங்களாம்?"

டாக்டர் மேசையைத் தட்டினார். "தம்பி, கைய எடுப்பா."

முஜீப் தன் உம்மாவைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், கையை எடுத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் இருந்ததெல்லாம் கம்பி உருட்டும் மெஷினோடு போய்விட்டது. அடுத்த விநாடி ரெண்டு தாய்மாரும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். யார் யாரை அதிகமாக ஏமாற்றியது, கால் பெரிசா கை பெரிசா என்று ஏலம் போனது.

"ஊனம் இருக்கறவங்க மட்டும் உள்ள இருங்க!" என்று டாக்டர் சத்தம் போட்டார். "மத்தவங்க வெளிய போங்க!"

ரெண்டு பேரையும் வாட்ச்மேன் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். முஜீப் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தான். பாக்கெட் இருக்கும் பக்கம் போனது, திரும்பி வந்தது.

"போட்டோல செடி நல்லா இருந்துச்சு" என்றான் கடைசியில்.

"உங்க பாக்கெட்டும்தான்" என்றாள் ஹஸ்னா.

டாக்டர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே சிரித்தார். அவளுக்கு அறுபது எழுதினார்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கிரேஸ், "பாஸ் பண்ணிட்டாடி, ஃபர்ஸ்ட் கிளாஸு!" என்று மைதானத்துக்கே கேட்கக் கத்தினாள். அன்று சாயங்காலம் போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, கையில் கார்டு வந்துவிட்டது. மீஞ்சூர் ஸ்டேஷன் இந்த வண்டிப் பாதையில்தான் வருகிறது என்பதே பாவம் என்பது மாதிரி, ரயிலில் பொன்னேரியில் இறங்கும்வரை மெஹர்னிசா ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

மறுவாரம் மெஷினுக்கு மனு எழுதினார்கள். ஊனம் தெரியும்படி முழு உருவ போட்டோ கேட்டிருந்தார்கள். மறுபடியும் சாம்சன் ஸ்டுடியோ. சாம்சன் வழக்கம்போல் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அத அங்கயே வைங்கண்ணே" என்றாள் ஹஸ்னா. சல்வாரை முட்டிவரை ஏற்றிவிட்டு நேராக நின்றாள்.

மெஹர்னிசா காமெராவுக்குப் பின்னால் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். திருப்தி வரவில்லை. கிட்ட வந்தாள். "கைய முட்டில வெய்யி. இன்னும் கொஞ்சம் சாயி. இதென்ன, தெரியவே இல்ல. நல்லாத் தெரிஞ்சாத்தான் நல்ல மெஷினாக் குடுப்பான்." சாம்சன் பக்கம் திரும்பினாள். "யப்பா, வெளிச்சத்த மொகத்துல அடிக்காத, கால்ல அடி."

"உம்மா, கூட்டவும் வாணாம் கொறைக்கவும் வாணாம்."

"சும்மா இரு. இத்தினி வருஷம் கொறச்சேன். ஒரு நாளு கூட்டறேன்."

சாம்சன் கிளிக் செய்தார். "எத்தினி காப்பிம்மா?"

மெஹர்னிசா கூரையைப் பார்த்தாள். நேற்று காலையில் கல்யாணத் தரகர் வந்து, உமைரா சொல்லியனுப்பியதாகச் சொன்னது உறுத்தியது: இந்தத் தடவை முழு போட்டோவாகக் கொடுக்க வேண்டுமாம்.

"ஆபீசுக்கு ரெண்டு" என்றாள். பிறகு, யாருக்கோ செய்யும் தயவு மாதிரி, "மீஞ்சூருக்கு ஒண்ணு" என்றாள்.

"அவங்களும் அனுப்பணும்னு சொல்லு உம்மா" என்றாள் ஹஸ்னா, சல்வாரை இறக்கிக்கொண்டே. "பாக்கெட் இல்லாத பேன்ட்டோட."