முட்டைச் சட்டியில் வறுத்த நீலம்

1
இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் கிடைத்தது. ஜப்பானில், கனஸாவா என்ற ஊரில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சமையலறையில், யாரோ மணலை வறுப்பது போன்ற சத்தம். வீட்டுக்காரர், ஓவியர் தொகிஸோ, வண்ணத்துக்காகக் கல்லுப்பொடியை வறுத்துக்கொண்டிருந்தார்.

மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின்... (இந்த வரியை அடித்துவிட்டேன். மகளின் அம்மாவும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.)

2
அம்மாவின் பெயர் யசுனோ. ஒரே மகள் கொஹாரு, பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு மாதமாக அப்பா அவளைப் பட்டுத்துணியில் தீட்டுகிறார். முகம் முடிந்தது. பின்னாலுள்ள கடல் பாக்கி.

நீல வண்ணத்துக்குப் பொடிக்கும் அந்தக் கல் விசித்திரமானது. அரைக்க அரைக்க வெளுக்கும். வறுக்க வறுக்க இருளும். துக்கத்தை அரைத்தே வெள்ளைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. தொகிஸோ வறுக்கிறவர்.

3
அன்று காலை பனி கொட்டிக்... (வேண்டாம். துக்கம் என்றதும் பனியைக் கூப்பிடுவது எனக்கே அலுத்துவிட்டது.)

யசுனோ கடைக்குப் போய்த் திரும்பியபோது அடுப்பில் சதுரமான முட்டைச் சட்டி இருந்தது. அதில் நீலப்பொடி.

"என்னங்க இது?"

"என் சட்டி ஓட்டையாயிடுச்சு, கொஹாரு அம்மா. இதுல சூடு சீராப் பரவுது."

"அவளுக்கு முட்டை சுருட்டிக் குடுக்குற சட்டி அது."

"ஆறு மாசமா நீ தொடவே இல்லையே?"

"தொடலைன்னா வேணாம்னு அர்த்தமா? இந்தக் கல்லு விஷம். இனிமே இதுல முட்டை ஊத்த முடியுமா?"

தொகிஸோவின் முகம் செத்துவிட்டது. "மறந்துட்டேன்."

"ஊர்ல இருக்குற நீலத்துக்கெல்லாம் பேர் தெரியும். வீட்டுல எது யாருதுன்னு மட்டும் தெரியாது!"

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. அவள் பையைக் கீழே வைக்கவில்லை.

"கடலைக் கருப்பாக்கினா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன். அவ ஓடி விளையாடின கடலுங்க அது."

"எனக்கு இருட்டாத்தான் தெரியுது."

"எனக்கு வெளுத்துத் தெரியுது. துவைச்சுத் துவைச்சு நைஞ்ச துணி மாதிரி. அதை யாரு வரையறது?"

4
தொகிஸோ மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. உண்மையிலேயே மறந்தாரா? மகள் சாப்பிட்ட சட்டியின் சூடு படத்தில் சேரட்டும் என்று தெரிந்தே எடுத்ததாக ஒரு பிரதி எழுதினேன். அழகாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது. கிழித்துப்போட்டேன். மனிதர் மறந்துதான் போனார். அதுதான் மன்னிக்கக் கஷ்டமானது.

5
ஒரு முடிவில் யசுனோவை ரயிலேற்றினேன். பெட்டியில் மகளின் சட்டைகளில் எதை வைப்பாள் என்று எனக்குத் தெரியாமல் ரயில் நின்றுவிட்டது. இன்னொன்றில் அவர் தோளில் சாய்ந்து அழவைத்தேன். என் நாவல்களைப் படிக்கிறவர்களுக்கு அது பிடித்திருக்கும். யசுனோவுக்குப் பிடிக்கவில்லை.

6
ஆகவே எழுத முடிந்தவரை எழுதுகிறேன். யசுனோ அடுப்பருகே வந்து நிற்கிறாள்.

"நல்லாக் கிளறுங்க. ஒரு பக்கம் கருகுது பாருங்க."

பொடி இப்போது அந்தி மறைந்த பிறகு வரும் நீலத்தில் இருக்கிறது. சற்று விட்டால் கருப்பு. கருத்தது நீலமாகத் திரும்பாது. அடுப்பின் திருகில் அவள் கை.

"இன்னும் கொஞ்சம்," என்கிறார் அவர்.

"போதும்," என்கிறாள் அவள்.

எனக்கு இரண்டு குரல்களும் நியாயமாகவே கேட்கின்றன. நீங்கள்தான் நிறத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். யோசிக்க நேரமில்லை, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.