மொச்சைச் சாறும் அவித்த பழமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அன்னாளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மாமியார் ஏசம்மாள் சட்டென்று கைக்குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"மெதுவா வாட்டி. ஆஸ்பத்திரி எங்கேயும் ஓடிப் போயிராது."

பிரசவம் பார்த்த டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் திங்கட்கிழமை ராஜபாளையம் மில்லில் அவளைச் சேர்ப்பார்கள். சேராவிட்டால் அவள் மெஷினுக்கு வேறு ஆள். மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா அவள் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார்.

"ரத்தம் ஏறவே இல்லையேம்மா. பயறு சாப்பிடச் சொன்னேனே?"

"தெனமும் மொச்சை சாப்பிடுதேன், டாக்டர்." அன்னாள் மனமறிந்து பொய் சொல்லவில்லை.

"எப்படிச் சமைக்கிறீங்க?"

ஏசம்மாள் முந்திக்கொண்டாள். "குழைய வேகவச்சு, சாறை இறுத்து, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் குடுக்கேன். பெத்த உடம்புல்லா? சக்கையைத் தின்னா வாயு. பிள்ளைக்கு வயிறு ஊதிரும். சத்தெல்லாம் சாறுல இறங்கிருதே! பொறவு ரெண்டு வேளை அவிச்ச நேந்திரம்பழம். பழத்துல இல்லாத சத்தா?"

"சக்கையை என்ன பண்றீங்க?"

"எம் மவனுக்கு. பஞ்சு பேல் தூக்குதவன்."

"அப்ப சத்து அவருக்குத்தாம்மா போகுது. பழம் தப்பில்ல. அவிச்சா லேசா செரிக்கும், தெம்பு குடுக்கும். ஆனா சதை பிடிக்க, ரத்தம் ஊற, பயறு வேணும். சாறுல இறங்குறது கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் நீங்க சக்கைன்னு சொல்றதுலதான் இருக்கு. மாத்திரையையும் விடாதீங்க. அடுத்த மாசம் வாங்க."

"கையெழுத்து..."

"மெஷின்கிட்ட மயங்கி விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?"

திரும்பும்போது ஏசம்மாள், "நான் நாலு பெத்ததும் சாறு குடிச்சுத்தான்" என்று ஜன்னலிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்னாளுக்கு வாதாடத் தெம்பில்லை. கோபப்படவும் முடியவில்லை. கை பொத்துப்போகச் சுடச்சுட இறுத்துக் கொடுத்தவள் இவள்தானே.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் அன்னாளின் புருஷன் வில்சன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அவளுக்கு ஆகாதுன்னு நெனச்சுல்லா அம்புட்டையும் தின்னேன்! மில்லுல எவனும் பக்கத்துல நிக்க மாட்டேங்கான். சின்னக்கருப்பன், 'ஏலே, காத்து வார பக்கம் நிக்காதலே'ங்கான்."

அன்னாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வில்சன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு மாசம் தவணை கேட்க மேஸ்திரி வீட்டுக்குப் போனான். சற்று நேரத்தில் திரும்பி வந்த முகமே சொல்லிவிட்டது.

"வேற ஆளைப் போட்டுட்டாவளாம். ஒடம்பு தேறட்டும், இடம் இருந்தா பாப்போம்ங்கார்."

அடுப்படிக்குப் போன ஏசம்மாள், கிண்ணம் நிறைய வெந்த மொச்சையைக் கொண்டுவந்து அன்னாள் முன்னால் வைத்தாள். வடிக்கவில்லை. சாறும் பயறுமாக அப்படியே இருந்தது.

அன்னாள் ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். மெல்லுவதற்கே தாடை வலித்தது. தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. அவள் எழப் போனாள்.

"உக்காருட்டி" என்றாள் ஏசம்மாள், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டபடி. "தின்னுட்டு எந்திரி. இவன் வயிறு ஊதுச்சுன்னா நான் தட்டிக் குடுத்துக்கிடுதேன்."