இல்லாத ஊரின் எழுபத்தைந்து ஃபென்னிக்

அக்கா, கையெல்லாம் மாவு. அதனால் போனிடம் பேசி அனுப்புகிறேன். பிழை வந்தால் போனைத் திட்டு. போலீஸ் வரும் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடு.

இங்கே லேயர் ஊரில் நான் செயலாளராக இருக்கும் பழைய பண நோட்டுச் சங்கம்தான் விஷயம். முதல் உலகப் போர் முடிந்த சமயம் ஜெர்மனியில் ஃபென்னிக் என்ற பைசாச் சில்லறைக்குப் பஞ்சம். ஊருக்கு ஊர் தாங்களே சின்ன நோட்டுகள் அடித்துக்கொண்டார்கள். அதைச் சேர்த்து வைக்கிற ஆட்கள் கிளம்பியதும், கடைப் பக்கமே போகாத நோட்டுகளை அவர்களுக்காகவே கலர் கலராக அடித்து விற்றார்கள். செல்லாத காசுக்கு நல்ல காசைக் கொட்டும் அந்த வம்சம் இன்னும் அழியவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, கல்கண்டு போட்ட தேநீர் குடித்துவிட்டு, சண்டை போடுவோம்.

தலைவர் ஹாயோ வூபெனா. எழுபத்து நான்கு வயது. இந்தக் கடலோரத்து நோட்டுகளுக்கு அவர் எழுதிய பட்டியல்தான் வேதம். பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒன்னோ ட்யார்க்ஸ். ஒன்னோவுக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசை. பல் கட்டிக்கொள்ள வேண்டும்; ஹாயோவிடம் இல்லாத நோட்டு ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும். பல்லுக்கு மட்டும் நாலாயிரம் யூரோ சேர்த்துவிட்டார்.

போன சனிக்கிழமை ப்ரேமனிலிருந்து கேம்பெ என்ற வியாபாரி அம்மாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஸூடர்ஹோர்ன் என்ற ஊர், எழுபத்தைந்து ஃபென்னிக், நிலாவைப் பார்க்கும் செம்மறியாடு. ஹாயோவின் பட்டியலில் அதற்கு எதிரே, 'இதுவரை யாரிடமும் இல்லை' என்று போட்டிருக்கும். அறையில் கிண்ணச் சத்தம் நின்றது. ஏலம் விட்டுவிடலாம் என்றார் கேம்பெ. விலை கூவுவது என் வேலை. நான் எழுந்ததும் ஹாயோ என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"அது போலிம்மா."

"தொட்டுக்கூடப் பாக்கலியே சார்."

"தொட வேண்டாம். அந்த ஊரே கிடையாது. நாந்தான் உண்டாக்குனேன். ஹாம்பர்க்ல ஒருத்தன் என் பட்டியலை அப்படியே அடிச்சுத் தன் பேர்ல வித்துட்டிருந்தான். அவனைப் பிடிக்க ஒரு ஊரு, ஒரு ஆடு, ஒரு நிலா போட்டு வச்சேன். மாட்டுனான். ஆட்டை அடுத்த பதிப்புல எடுத்துரலாம்னு இருந்தேன்."

"எடுக்கலியா?"

"மூணு பதிப்பு போயிருச்சு. இப்ப எவனோ அதைப் படிச்சுட்டு வரைஞ்சிருக்கான். நிலாவைக்கூட நான் எழுதுன மாதிரியே வச்சிருக்கான், பாவி."

"வெளிய போய் சொல்லிருங்க."

"சொன்னா, மத்த பக்கத்துல எத்தனை ஆடு மேயுதுன்னு கேப்பானுங்க. நாப்பது வருஷ உழைப்பும்மா."

 விசா புதுப்பிக்கிற மாதம் அக்கா. போலி என்று தெரிந்தே ஏலம் விட்டாள் என்று பேர் வந்தால் என்ன ஆவது? "நீங்க உண்மையைச் சொல்லாம நான் கூவ மாட்டேன் சார்" என்றேன். அதற்குள் வெளியே நான் இல்லாமலே ஏலம் தொடங்கியிருந்தது. "ரெண்டாயிரம்" என்றது ஒன்னோவின் குரல்.

"ஐயோ, பல்லு" என்றார் ஹாயோ. அப்படியே வெளியே போய், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஊர் பொய், ஆடு பொய், எழுதியது நான் என்று.

ஒன்னோ தேநீரை ஒரு மடக்கு குடித்தார்.

"முடிஞ்சுதா? ரெண்டாயிரத்து ஐநூறு."

"மோந்து பாருடா. தேயிலைச் சாயம் போட்டுப் பழசாக்கியிருக்கான்."

"இந்த ஊர்ல எந்த நோட்டுல தேயிலை வாசம் இல்ல? உன் சட்டையிலயே அடிக்குது."

"அப்படி ஒரு ஊரே இல்லடா ஒன்னோ."

"கடல் கொண்டுபோயிருக்கும். இந்தக் கரையில கொஞ்ச ஊரா போச்சு?"

"அதெல்லாம் ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி. 1921ல தண்ணிக்கடியில உக்காந்து எவன்டா நோட்டு அடிச்சான்?"

"ஒரு வீடு மிஞ்சியிருக்கும். உனக்கு ஏன் எரியுது? நோர்டன் ஏலத்துல இதே மாதிரிதான் போலின்னு சொன்ன. நான் எந்திரிச்சுப் போனதும் நீ வாங்குன."

ஹாயோவின் காது சிவந்த சிவப்பைப் பார்த்ததும் அது நிஜம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதன்பின் அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் யாரும் நம்பவில்லை. பின்வரிசை ஆட்கள்கூட விலை கேட்க ஆரம்பித்தார்கள். விலை மூவாயிரத்தைத் தாண்டியது. ஒன்னோ எழுந்து நின்று, "நாலாயிரம்" என்றார். கடைவாய்ப் பல் வரை மொத்தமும் போனது.

யாரும் மேலே கேட்கவில்லை. ஹாயோ கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார்.

"நாலாயிரத்து நூறு."

அறை முழுக்க ஒரு பெருமூச்சு. தலைவரே வாங்குகிறார் என்றால் அசல்தானே. ஒன்னோ அப்படியே உட்கார்ந்தார். அவரிடம் அதற்குமேல் சல்லி கிடையாது.

"மறுபடியும் தட்டிப் பறிச்சிட்டியேடா ஹாயோ."

"உன் பல்லைக் காப்பாத்தியிருக்கேன்டா, மடையா."

"என் பல்லுல உனக்கு என்னடா அக்கறை? அறுபது வருஷமா இல்லாத அக்கறை?"

ஹாயோ வெறும் காகிதத்துக்கு நாலாயிரத்து நூறு கட்டிவிட்டு, அந்த ஆட்டைத் தூக்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். மடித்து. நோட்டுச் சங்கத்தில் கொலை செய்தால்கூட மன்னிப்பார்கள், மடித்தால் மன்னிக்க மாட்டார்கள். பின்வரிசையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கேம்பெ அம்மாள் பணம் வந்துவிட்டதா என்று போனில் பார்த்துக்கொண்டார். பிறகு பைக்குள் கைவிட்டு இன்னொரு உறையை எடுத்தார்.

"அதே ஊர்தான். ஐம்பது ஃபென்னிக். ஆடு திரும்பி நிக்குது. இது உங்க பட்டியல்லயே இல்லையே, வூபெனா சார்?"

அவர் விலை சொல்வதற்குள் ஒன்னோவின் கை மேலே போயிருந்தது.

"ஒன்னோ, கையை இறக்குடா."

"நீ வாயை மூடு."